குழந்தையைத் தொடும் கைக்கு என்ன தகுதி?

மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் மறுவாழ்வுத் தொழில் செய்யக் கூடாது என்கிறது 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின் 13ஆவது பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் என்பது 1992இல் சட்டம் எழுதியவர்கள் வைத்த தொகை. இன்று நகரத்துத் தெரபி சென்டர்களில் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓரிரு நாள் பயிற்சிக்குப் பெற்றோர் கட்டும் பணம் அது. குழந்தைகளுக்கான ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவையை யார் தரலாம், யார் தரக் கூடாது என்ற கேள்வியை நாம் எவ்வளவு லேசாக எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆரம்ப நிலை இடையீடு என்று கோப்புகளில் எழுதப்படுவதை நாம் 'தெரபி' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். நாலைந்து மாதமாகியும் கழுத்து நிற்காத குழந்தை, குப்புற விழாத குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, இருந்த இரண்டு மூன்று சொற்களையும் ஒன்றரை வயதில் விட்டுவிட்ட குழந்தை. பள்ளிக்குப் போகும் வயது வருவதற்குள் இவர்களோடு செய்ய வேண்டிய வேலை அது. மூளை வேகமாக வளரும் ஆண்டுகள் அவை. அப்போது கிடைக்கும் பயிற்சிக்கும் பத்து வயதில் கிடைக்கும் பயிற்சிக்கும் பலன் ஒன்றல்ல. காது கேளாத குழந்தையின் விஷயத்தில் மருத்துவ உலகம் ஒரு கணக்கே வைத்திருக்கிறது: ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் இடையீடு. எல்லாமே மாதக் கணக்கு.

அங்கீகாரம் பெறும் வழியோ நீளமானது. ஒருவர் இங்கே ஒரு மையம் தொடங்க நினைத்தால் முதலில் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்கிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்று இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்த முடியாது. அதற்காக விண்ணப்பித்தால் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். வேலைக்கு வரும் சிறப்பாசிரியருக்கும் பேச்சுப் பயிற்சியாளருக்கும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண், அதாவது ஆர்.சி.ஐ. எண், இருக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காகத் தேசிய அறக்கட்டளையின் திட்டங்களில் சேர நினைத்தால் அங்கே தனிப் பதிவு. ஒன்றிய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் மானியம் வேண்டுமென்றால் பதிவு செய்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

இவ்வளவும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டும். 'மூன்று மாதத்தில் பேச வைக்கிறோம்' என்று பலகை வைத்தவரிடம் சேமிப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, கூடவே இரண்டு ஆண்டுகளையும் கொடுத்துவிட்டு வருகிற பெற்றோர் இருக்கிறார்கள். விறைத்த கால்களை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் இழுத்துப் பயிற்சி கொடுத்தால் இடுப்பு மூட்டு விலகிப்போகலாம். ஒரு இடத்தில் உட்கார முடியாத குழந்தையை நாற்காலியில் துணியால் கட்டுவதைப் பயிற்சி என்று நம்புகிறவர்களும் உண்டு. பேச்சு வராத குழந்தை தனக்கு என்ன நடந்தது என்று வீட்டில் வந்து சொல்லாது. இந்த ஒரு காரணத்துக்காகவே, எந்தத் தொழிலிலும் இல்லாத கண்டிப்பு இந்தத் தொழிலில் இருந்தாக வேண்டும். பதிவேட்டில் ஒரு பெயரும் எண்ணும் இருப்பது, யார் என்றே தெரியாத ஒருவரிடம் குழந்தையை விடும் தாய்க்குக் கிடைக்கும் முதல் பிடிமானம். அந்தப் பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்க வேண்டும் என்பதும் நல்ல ஏற்பாடுதான். நிறுவனப் பதிவுக்கு விண்ணப்பம் வந்தால் 90 நாட்களுக்குள் சான்று தரச் சொல்வதும், மறுத்தால் மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருப்பதும் 2016 சட்டத்தின் பலம். அபராதத்திலும் இந்தச் சட்டம் கொஞ்சம் விழித்துக்கொண்டிருக்கிறது: முதல் மீறலுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை.

ஆனால் இந்த வேலியில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. முதல் ஓட்டை வேலி போட்டவருக்கே வழி விடுகிறது. அதே 2016 சட்டத்தின் 54ஆவது பிரிவு, ஒன்றிய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்குப் பதிவு பற்றிய அத்தியாயம் பொருந்தாது என்கிறது. ஏழைக் குழந்தைகள் அதிகம் போகும் இடம் அரசு மையம்தான். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமம் என்ற தேசியக் குழந்தை நலத் திட்டம் 2013இல் தொடங்கியபோது, அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் நடமாடும் குழுக்கள் கண்டுபிடிக்கும் குழந்தைகளை அனுப்புவதற்காக மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையங்கள் திட்டமிடப்பட்டன. குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், கண் பரிசோதகர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் என்று எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பது வரைவு. நல்ல வரைவு. அதில் பேச்சுப் பயிற்சியாளர் இடம் ஓராண்டு காலியாகக் கிடந்தால் அந்த மையம் தன் பதிவை இழக்காது, ஏனென்றால் இழப்பதற்கு அதனிடம் பதிவே இல்லை. தனியாரைத் தகுதி கேட்கும் அரசு தன் மையத்தையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். இந்தப் பிரிவை நீக்காதவரை அங்கீகாரம் என்ற பேச்சுக்குப் பாதி மரியாதைதான் இருக்கும்.

இரண்டாவது, ஒரு குழந்தை பல சட்டங்களாகக் கூறுபோடப்படுகிறது. பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும் மருத்துவ உளவியலாளரும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையாளரும் செயல்முறை சிகிச்சையாளரும் 2021ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்முறையினர் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள பதினெட்டு மாதக் குழந்தைக்கு இவர்கள் எல்லோரும் வேண்டும். விழுங்கத் தெரிவதற்கும் உட்காரத் தெரிவதற்கும் பேசத் தெரிவதற்கும் உள்ள தொடர்பை அறிந்து இவர்கள் ஒன்றாக இருந்து பார்த்தால்தான் பயிற்சி பயிற்சியாகும். அங்கீகார முறை ஒவ்வொருவரின் சான்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. இவர்கள் வாரத்தில் ஒருமுறையாவது ஒன்றாக உட்கார்ந்து அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கேட்பதில்லை.

இன்னொன்று, ஏமாற்றப்பட்ட பெற்றோரின் நிலை. மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி, கவுன்சில் அதிகாரம் அளித்த ஒருவர் எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை எடுத்துக்கொள்ளும். கவுன்சிலின் அலுவலகம் டெல்லியில். போடிநாயக்கனூரிலோ அறந்தாங்கியிலோ இருக்கும் ஒரு தாய் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த எத்தனை படி ஏற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இத்தனையையும் சரிசெய்துவிட்டாலும் ஒரு அடிப்படைக் குறை மிஞ்சும். நம் அங்கீகார முறை பார்ப்பது மையத்தை. ஆரம்ப நிலை இடையீடு நடக்க வேண்டிய இடம் வீடு. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் மையத்தில் கழிக்கும் குழந்தை, மீதி நேரமெல்லாம் அம்மாவோடும் பாட்டியோடும் இருக்கிறது. சோறு ஊட்டும்போது எப்படி உட்கார வைப்பது, குளிக்க வைக்கும்போது எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, தூக்கும்போது கால்களை எப்படி விரித்துப் பிடிப்பது என்று வீட்டாருக்குத் தெரிந்திருந்தால் அந்த மீதி நேரம் முழுவதும் பயிற்சியாகிவிடும். தெரியாவிட்டால் மையத்தில் கிடைத்தது வாசலோடு போய்விடும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் தமிழ்நாட்டிலேயே முன்பிருந்து இருக்கிறார்கள். சென்னை தியாகராய நகரில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம், பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்காக 'உபநயன்' என்ற பயிற்சி முறையை உருவாக்கியது. உடல் அசைவு, தன் வேலையைத் தானே செய்தல், மொழி, அறிதல், பழகுதல் என்ற ஐந்து துறைகளில் துறைக்கு ஐம்பதாக 250 திறன்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன. தாயும் குழந்தையோடு வந்து கற்றுக்கொள்வது அங்கே வழக்கம். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், முதுகுத் தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னும் ஒரு படி போயிற்று. உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடு வீடாக அனுப்புகிறது. ஒவ்வொரு குழந்தையின் முன்னேற்றத்தையும் அவர்கள் செயலியில் பதிவு செய்ய, தகுதி பெற்ற நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். பேருந்தில் இரண்டு மணி நேரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வர முடியாத குடும்பத்துக்கு நிபுணரின் அறிவு வீட்டுத் திண்ணைக்கே வந்துவிடுகிறது.

கண்டிப்பான சான்றிதழ்க் கண்ணோடு பார்த்தால் அந்தப் பணியாளர் 'நிபுணர்' அல்ல. சான்று கேட்பதா, ஆள் இல்லாத கிராமத்துக்கு யாரையாவது அனுப்புவதா என்ற இழுபறிக்கு என் பதில் இது: நிபுணரின் மேற்பார்வை தொடர்ந்து இருக்கிறது என்பதை எழுத்தில் காட்ட முடிகிற எந்த அமைப்புக்கும் இத்தகைய பணியாளர்களை அனுப்ப அங்கீகாரம் கொடுக்கலாம், மேற்பார்வை இல்லாமல் தனியாகப் பலகை மாட்டும் எவருக்கும் கொடுக்கக் கூடாது. மறுவாழ்வுக் கவுன்சில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2021இல் தொடங்கிய ஆறு மாதச் சமூகப் பணியாளர் பயிற்சி இந்தத் திசையில் ஒரு தொடக்கம்.

அமெரிக்காவில் 1986இல் வந்த சட்டம் பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவையை வகுத்தது. சேவை கூடியவரை குழந்தையின் வீட்டிலும் அது வழக்கமாக இருக்கும் இடங்களிலும் நடக்க வேண்டும். குடும்பத்துக்கென்று எழுத்தில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். குழந்தை பரிந்துரைக்கப்பட்ட 45 நாட்களுக்குள் அந்தத் திட்டத்துக்கான கூட்டம் நடந்தாக வேண்டும். சேவை தருபவருக்கு அங்கீகாரம் தரும் அரசின் தலையில் காலக்கெடுவும் ஏற்றப்பட்டிருக்கிறது. அங்கேயும் எல்லாம் சரியாக நடப்பதில்லை. நியூயார்க் போன்ற மாநிலங்களில் அரசு தரும் கட்டணம் கட்டுப்படியாகாமல் சிகிச்சையாளர்கள் விலகிக்கொள்ள, குழந்தைகள் காத்திருக்கிறார்கள். ஆள் தங்கும்படி கூலி கொடுக்காவிட்டால் அங்கீகாரப் பட்டியல் வெறும் பட்டியலாகவே இருக்கும் என்பதை நாமும் கவனிக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் சிறப்பாசிரியர் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார். அவரை நம்பிக் கொஞ்சம் சிரிக்கத் தொடங்கிய குழந்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இப்போது தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அளவுகோலை மாற்ற இதுவே நேரம். ஆய்வுக்கு வரும் அதிகாரி சாய்தளத்தின் சரிவை அளப்பது போலவே, போன மாதம் வந்த ஐந்து குழந்தைகளின் கோப்பை எடுத்து, முதல் நாள் வந்ததற்கும் பயிற்சி தொடங்கியதற்கும் இடையே எத்தனை நாள் போனது என்று பார்க்கட்டும். ஒரு தாயை அழைத்து, இந்த வாரம் வீட்டில் என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து, கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆய்வுப் படிவத்தில் நான்கு வரி சேர்த்தால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மையத்தில் சேர்க்கும் முன் ஆர்.சி.ஐ. எண்ணைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். எண் சரியாக இருந்தாலும், பயிற்சி நடக்கும்போது நானும் உள்ளே இருக்கலாமா என்று கேளுங்கள். கூடாது என்று சொல்லி, காரணமும் சொல்லாமல் கதவைச் சாத்தினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.