சோலோவைத் தூக்கிய கை

விலங்குகள் பற்றிய புத்தகங்களை எம்மவர் இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை. நூலகத்தில் அவை சிறுவர் பகுதித் தட்டில் கிடக்கும். பிள்ளைக்கென்று எடுத்து வந்து, பிள்ளை தூங்கிய பின் பெரியவர்கள் வாசிப்பதும் உண்டு, அதை வெளியில் சொல்வதில்லை. அப்படி வாசிக்கப்பட்டு விமர்சனத்துக்கு வராமலே போன இரண்டு புத்தகங்களைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். ஒன்று, ஹியூகோ வான் லாவிக்கும் அவரது அப்போதைய துணைவியார் ஜேன் குடாலும் சேர்ந்து எழுதி 1970இல் வெளியான 'இன்னசன்ட் கில்லர்ஸ்'. மற்றது, வான் லாவிக் தனித்து எழுதி 1973இல் வெளியிட்ட 'சோலோ'. முதலாவதில் கழுதைப்புலி, நரி, காட்டுநாய் ஆகிய மூன்றும் வருகின்றன. இரண்டாவது, தன்சானியாவின் செரங்கெற்றிச் சமவெளியில் பிறந்த ஒரேயொரு காட்டுநாய்க் குட்டியின் கதை.

இந்த நாயைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே முதற் சிக்கல். செந்நாய் என்று சொல்லிவிட முடியாது. செந்நாய் எமக்குத் தெரிந்த விலங்கு. தலைவியை விட்டுத் தனியே பாலை வழி போன தலைவன், செந்நாய்க் கூட்டம் குடித்து மிஞ்சிய, இலை மூடி அழுகிய நீரைப் பற்றிப் பேசுவதைக் குறுந்தொகையின் 56ஆம் பாடலில் காணலாம். ஆப்பிரிக்கக் காட்டுநாய் வேறு இனம். வட்டமான பெரிய காது, காலில் நான்கே விரல், கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் தெறித்த தோல். ஒரு நாயின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு வராது. படம் பிடிப்பவனுக்கு இது பெரிய வசதி. நூறு படத்தைக் கலைத்துப் போட்டாலும் எது எந்த நாய் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு இனத்துக்கும் பொதுவான ஒன்று உண்டென்றால், அது அவற்றைப் பற்றிய வெறுப்பு. கிப்ளிங் 1895இல் எழுதிய கதையில் செந்நாய்கள் தக்காணத்திலிருந்து புறப்பட்டு வரும் கொலைக்கும்பல். வெள்ளையர் ஆட்சியில் செந்நாயைக் கொன்றால் பணம் கிடைத்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகுதான் இந்தியாவில் அது நின்றது. ஆப்பிரிக்காவில் விலங்குகளைக் காப்பதற்கென்றே நியமிக்கப்பட்ட காவலர்களும் காட்டுநாயைக் கண்டால் சுட்டார்கள். சிங்கம் கழுத்தைப் பிடித்துக் கொல்வது வீரம், நாய் வயிற்றைக் கிழித்துக் கொல்வது இழிவு என்பது வேட்டைக்காரத் துரைமாரின் அறம். நாய்க்கு அகப்பட்ட மான், பூனையினத்துக்கு அகப்பட்டதைவிடப் பெரும்பாலும் விரைவாகவே செத்துவிடுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. வான் லாவிக் அதைச் சொன்னார். அந்த நேர்மைக்காக முதற்புத்தகத்தை நாம் மதிக்கிறோம்.

ஆனால் அதன் தலைப்பு எமக்கு உறுத்துகிறது. குற்றமற்ற கொலையாளிகளாம்! யார் குற்றஞ்சாட்டியது, யாருக்கு முன்னால் விடுதலை கேட்கிறார்கள்? அகதி விசாரணை மேசையின் மறுபக்கத்தில் இருந்து, தான் கெட்டவன் அல்ல என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் நிறுவ முயன்ற எவருக்கும் இந்தத் தொனி தெரியும். மானைத் தின்பதற்கு நாய் நற்சான்றிதழ் கொண்டுவர வேண்டிய தேவை இல்லை.

வேட்டைக் காட்சிகளைவிடக் காத்திருப்புக் காட்சிகளில்தான் வான் லாவிக்கின் பலம் இருக்கிறது. நாள் முழுதும் வாகனத்துக்குள் கிடந்து, நாய்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெயில் தாழ ஒரு நாய் எழும்புகிறது, இன்னொன்றை மூக்கால் இடிக்கிறது, வாயோரம் நக்குகிறது. கூட்டம் முழுவதும் குருவிகள்போலக் கீச்சிட்டபடி ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழும்பி, பிறகு திடீரென்று அடங்கி, வரிசையாக நடக்கத் தொடங்குகிறது. வேட்டை முடிந்து வந்ததும், வளைக்குக் காவல் இருந்த நாய்க்கும் குட்டிகளுக்கும் விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுக்கின்றன. இவற்றை அவர் எழுதும்போது அவசரமே இல்லை.

வேட்டையில் தோற்ற ஒரு காட்சியையும் மறக்க முடியாது. வரிக்குதிரைக் கூட்டத்திலிருந்து ஒரு தாயும் அதன் குட்டியும் ஒரு வயதுப் பிள்ளையும் பிரிந்து அகப்பட்டுக்கொள்கின்றன. நாய்கள் வளைத்துவிட்டன. கூட்டம் அடிவானத்தில் மறைந்துவிட்டது. தாய் களைத்துப் போகிறாள். அப்போது தரை அதிர்கிறது. ஓடிப்போனவற்றில் பத்து வரிக்குதிரைகள் திரும்பி வந்து, அந்த மூன்றையும் நடுவில் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. நாய்கள் சிறிது தூரம் துரத்திவிட்டு நின்றுவிடுகின்றன. வான் லாவிக் இதற்குப் பொருள் கற்பிக்கவில்லை. கண்டதை எழுதிவிட்டு நகர்கிறார். அவருடைய மிகச் சிறந்த பக்கங்கள் இவைதான் என்பது எமது அபிப்பிராயம்.

'சோலோ' இந்தக் கட்டுப்பாட்டை இழந்த புத்தகம். கூட்டத்தின் தலைமைப் பெண் நாய்க்கு அவர் வைத்த பெயர் ஹவொக், அதாவது நாசம். கீழ்நிலைப் பெண் நாயின் பெயர் ஏஞ்சல், தேவதை. கூட்டத்துக்கே செங்கிஸ்கானின் பெயர். முதற்படத்தைப் பார்க்குமுன்பே வாசகனிடம் தீர்ப்பு கொடுக்கப்பட்டுவிட்டது. தேவதை குட்டி போடுகிறது, நாசம் அந்தக் குட்டிகளைக் கொல்கிறது. மிஞ்சியது ஒன்று, அதுதான் சோலோ. விளையாடச் சகோதரம் இல்லாமல், வளர்த்தி குறைந்து, கூட்டம் வளையை விட்டுப் புறப்பட்டபோது கூடவே ஓட முடியாமல் பின்தங்கிப் பின்தங்கிப் போகிறது. கடைசியில் சமவெளியில் தனித்துப்போன அந்தக் குட்டியை வான் லாவிக் தூக்குகிறார். பராமரித்து, குட்டிகள் உள்ள வேறொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்.

தூக்கியது சரியா? அவதானிப்பவன் கை வைக்கக் கூடாது என்பது விஞ்ஞானத்தின் பக்கத்து வாதம். எமக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. மாதக்கணக்காக வாகனத்தோடு பின்னால் திரிந்தவன் ஏற்கெனவே கை வைத்தவன்தான். சாகப்போகும் பிள்ளையைப் படம் எடுத்துவிட்டு விமானம் ஏறிய கமராக்காரர்களைப் பற்றி எம்மிடம் வேறு நினைவுகளும் உண்டு. தூக்கிய கையை மறைக்காமல் எழுதியதற்காக அவரைப் பாராட்டவே தோன்றுகிறது. எமது முறைப்பாடு வேறு. தூக்கிய அந்தக் கணத்திலேயே, ஹவொக் ஏன் கொன்றது என்ற கேள்வி புத்தகத்திலிருந்து காணாமற் போகிறது. காட்டுநாய்க் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு சோடியே குட்டி போடும். ஒரு ஈற்றில் பத்துக் குட்டிவரை வரும். அத்தனைக்கும் கக்கிக் கொடுக்க இருப்பது அதே சில வாய்கள்தான். இரண்டாவது ஈற்றின் குட்டிகள் பெரும்பாலும் தப்புவதில்லை. இது கொடூரமாக இருக்கலாம், ஆனால் கொடுங்கோல் அல்ல. 'நாசம்' என்று பெயர் வைத்த பிறகு அந்த வேறுபாட்டை எழுத இடமில்லாமற் போய்விட்டது.

இந்த இடத்தில் எம்மவர் வாசிப்பைப் பற்றியும் ஒரு சொல். இந்தக் கதையைக் கேட்ட நண்பர்கள் பலர் உடனே தலையாட்டினார்கள். 1986இல் இயக்கங்கள் ஒன்றையொன்று தெருவில் வேட்டையாடியதைப் பார்த்த தலைமுறை அது. ஹவொக் யார், ஏஞ்சல் யார், அகதியான சோலோ யார் என்று ஆளாளுக்குப் பெயர் பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். பொருத்துவது இலகு, அதனாலேயே அது பிழை. ஆயுதம் எடுத்தவர்கள் கூட்டம் கூடித் தீர்மானம் எடுத்தார்கள், துண்டுப்பிரசுரம் அடித்தார்கள், அடுத்த நாள் நியாயமும் சொன்னார்கள். அவர்களை நாயாக்கினால் அவர்களின் பொறுப்பு இயற்கையின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். நாய்களுக்கும் அது அநியாயம். 'நாய்' என்ற வசையைக் கேட்டுக்கேட்டு வளர்ந்த நாம் இதில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருக்கலாம்.

கூட்டு வேட்டை என்ற எண்ணமே இன்று கொஞ்சம் ஆட்டங்கண்டிருக்கிறது. வான் லாவிக் கண்டது மறைப்பில்லாத புல்வெளி. அங்கே கூட்டமாக நீண்ட தூரம் துரத்துவது வாகனத்திலிருந்து முழுதாகத் தெரியும். பொட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவில் ஆறு நாய்கள் கொண்ட ஒரு கூட்டம் முழுவதற்கும் கழுத்துப்பட்டியில் கருவி பூட்டி, 1,119 துரத்தல்களைப் பதிவு செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. பற்றைக்காட்டில் ஒவ்வொரு நாயும் தன்பாட்டில், குறுகிய தூரமே ஓடியிருக்கிறது. ஒரு துரத்தலில் பலித்தது 15.5 வீதம் மட்டும். திட்டமிட்ட படையணி ஒன்றும் அங்கே இல்லை. ஆனால் எந்த நாய் பிடித்தாலும் எல்லாம் சேர்ந்தே தின்றன. கூட்டு ஓட்டத்தில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது என்று இதைப் படிக்கலாம். அதே பொட்ஸ்வானாவிலிருந்து 2017இல் வந்த இன்னொரு ஆய்வு வேடிக்கையானது: புறப்படுவதா இல்லையா என்று நாய்கள் தும்மித் தீர்மானிக்கின்றனவாம். தலைமை நாய் எழும்பினால் மூன்று தும்மல் அளவில் காரியம் நடக்கும், சாதாரண நாய் எழும்பினால் பத்து வேண்டும். (எமது சங்கங்களின் பொதுக்கூட்டங்களைவிட இது மோசமில்லை.)

அண்மைக்காலப் படங்களில் நிக்கலஸ் டையரின் வேலையைச் சொல்ல வேண்டும். பீற்றர் பிளின்ஸ்ரனுடன் சேர்ந்து 2018இல் அவர் வெளியிட்ட 'பெயின்ரட் வூல்வ்ஸ்', சிம்பாப்வேயின் மானா பூல்ஸில் கால்நடையாகத் திரிந்து எடுத்த படங்களைக் கொண்டது. தரையில் படுத்தபடி, நாயின் கண்மட்டத்திலிருந்து எடுக்கிறார். வான் லாவிக்கின் வாகனச் சாளரத்துக்கும் இதற்கும் ஒரு மீற்றர் உயரந்தான் வித்தியாசம், ஆனால் நாயின் முகம் முற்றாக மாறிவிடுகிறது. பபூன் குரங்கின் தலையை வைத்துக் குட்டிகள் பந்துபோல விளையாடும் அவரது படம் அதே ஆண்டு லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தின் போட்டியில் பாராட்டுப் பெற்றது. பார்க்கச் சங்கடமான படம். குட்டியின் உற்சாகத்தை இரசிக்கும் அதே கணத்தில் அந்தத் தலையும் எம்மைப் பார்க்கிறது. ஹவொக், ஏஞ்சல் என்ற பெயர்களால் வான் லாவிக் பிரித்துவைத்த இரண்டும் இங்கே ஒரே படத்துக்குள் பிரியாமல் இருக்கின்றன. ஆனால் உரைநடை என்று பார்த்தால், தோற்றுப்போன வேட்டையை எழுதிய பழைய கைக்கு நாம் இன்னும் கூட்டிப் போடுவோம்.

1937இல் சுரபாயாவில், ஒல்லாந்தரின் காலனி ஒன்றில் பிறந்த வான் லாவிக், தன் வாழ்வின் பெரும்பகுதியைச் செரங்கெற்றியில் கழித்து 2002இல் தன்சானியாவிலேயே இறந்தார். அவர் பின்தொடர்ந்த சமவெளியின் காட்டுநாய்கள் அவருக்கு முன்பே போய்விட்டன. 1991இல் அங்கு ஆய்வில் இருந்த கூட்டங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காரணம் நோயா, கழுத்துப்பட்டி பூட்டக் கையாண்டதா என்று விஞ்ஞானிகள் பல காலம் சண்டை பிடித்தார்கள். கிழக்கே, மாசாய் மக்கள் மாடு மேய்க்கும் லொலியொண்டோப் பக்கத்தில் நாய்கள் தப்பியிருந்தன. அங்கிருந்து சில கூட்டங்களைப் பிடித்து 2012 முதல் மீண்டும் செரங்கெற்றிக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இடப்பெயர்வை நாயின் கண்மட்டத்திலிருந்து சொல்லும் புத்தகம் எதுவும் எமது கைக்கு இன்னும் வந்து சேரவில்லை.