வாலில் தொங்கும் எலியை எதுவரை நம்பலாம்?

எடையற்ற நிலையில் தசை மீண்டும் வளரச் சத்துச் சேர்க்கைகள் உதவுமா? இதை அறியப் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனம் 2025இல் ஆக்ஸியம்-4 பயணத்தில் தசைச் செல்களை அனுப்பியது. விண்வெளி நிலையத்தில் அந்தச் சோதனையைச் செய்தவர் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா. இப்படியொரு வாய்ப்பு எப்போதாவதுதான் அமையும். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்காக எழும் உடலியல் கேள்விகளில் பலவற்றுக்குத் தரையிலேயே விடை தேட வேண்டும். அதற்கு உலகெங்கும் கைகொடுப்பது, எலியின் பின்னுடலை வாலால் உயர்த்தி வைக்கும் முறை.

1970களில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் எமிலி மோரி-ஹோல்டன் இதை வளர்த்தெடுத்தார். வாலில் ஒட்டுநாடா சுற்றிக் கூண்டின் மேலுள்ள கம்பியில் நகரும் கொக்கியோடு இணைப்பார்கள். உடல் சுமார் 30 பாகை தலைதாழ்ந்து சாயும். பின்னங்கால்கள் தரையில் படாது. முன்னங்கால்களால் நடந்தே எலி தீனிக்கும் தண்ணீருக்கும் போகும்.

தசை, எலும்பு விஷயத்தில் இந்த முறை நம்பகமானது. நிற்பதற்கு உதவும் சோலியஸ் தசை சில நாள்களிலேயே மெலிகிறது; பின்னங்கால் எலும்பு வலுவிழக்கிறது. கொழுப்பை எரித்து இயங்கிய தசை சர்க்கரையை அதிகம் நாடத் தொடங்குகிறது. விண்ணுக்குப் போய்வந்த எலிகளிலும் இதே போக்கு தென்பட்டது. செலவும் குறைவு, பல முறை செய்து சரிபார்க்கலாம்.

முழு உடலின் வளர்சிதை மாற்றத்துக்கு வரும்போதுதான் சிக்கல். கட்டிவைத்த முதல் நாள்களில் எலி மிரள்கிறது, தீனி குறைகிறது, மன அழுத்த ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் கூடலாம். கல்லீரலும் கொழுப்பும் மாறினால், காரணம் சுமையின்மையா, பட்டினியா, அச்சமா என்று எப்படிப் பிரிப்பது? இன்சுலின் பற்றிய முடிவுகளும் ஒன்றுபடவில்லை. இளம் எலிகளின் சோலியஸ் தசை தொடக்கத்தில் இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கியது. வேறு ஆய்வுகளில் இன்சுலின் எதிர்ப்பு தோன்றியது. வயது, நாள் கணக்கு, தீனி மூன்றும் விடையை மாற்றுகின்றன. சோதனைக்குச் சுண்டெலியை எடுத்தால் அறை வெப்பமும் குறுக்கிடும்; அதற்கு உகந்த வெப்பம் சுமார் 30 பாகை செல்சியஸ். 22 பாகை அறையில் தனியாக அடைத்தால், குளிரைத் தாங்கவே அது ஆற்றலைச் செலவிடும். விண்வெளிக் கதிர்வீச்சோ இங்கே அறவே இல்லை.

எனவே ஒவ்வோர் ஆய்விலும் இரண்டு ஒப்பீட்டுக் குழுக்கள் கட்டாயம் வேண்டும்: வாலைக் கட்டியும் நாலு காலும் தரையில் ஊன்றிய எலிகள், தொங்கும் எலி தின்ற அளவே தீனி பெற்ற எலிகள். பெண் எலிகளையும் சேர்க்க வேண்டும். கிடைத்த முடிவைத் தலைதாழ்த்திய படுக்கையில் கிடக்கும் மனிதத் தன்னார்வலர்களின் முடிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான அனுபவம் பெங்களூருவில் விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்திடம் உண்டு. தசை மெலிவுக்கு இந்த எலியின் சாட்சியத்தை ஏற்கலாம். விண்வெளி வீரர்களின் உணவையும் மருந்தையும் அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது.