சாரதியின் கை

அவனியாபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தை முதல் நாள்தான் நினைவுக்கு வரும். திருப்பரங்குன்றம் சாலையில் வாடிவாசல் கட்டி, பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் முந்தி, பொங்கலன்றைக்கே காளைகளை அவிழ்த்துவிடும் ஊர். அந்தப் புகழில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாடும் மனிதனும் சேர்ந்து செய்கிற காரியங்களில் எது பெரிய கலை என்று கேட்டால் நான் ஜல்லிக்கட்டைச் சொல்ல மாட்டேன், மாட்டுவண்டிப் பந்தயத்தைத்தான் சொல்வேன். திமிலைப் பிடித்தவன் மூன்று துள்ளல் தாங்கினால் வீரன். வண்டியில் உட்கார்ந்த சாரதி எட்டு மைல் தாங்க வேண்டும்.

மாட்டுவண்டிப் பந்தயம் என்றதும் கொங்குப் பக்கத்து ரேக்ளாவை நினைத்துவிட வேண்டாம். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தடம் அளந்து, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு, யார் எத்தனை நொடியில் வந்தார் என்று பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். அதன் அழகு வேறு. மதுரை, தேனி, சிவகங்கை, புதுக்கோட்டை, தூத்துக்குடிச் சீமையில் நடப்பது சாலைப் பந்தயம். கோயில் திருவிழாவை ஒட்டி, வெயில் ஏறுமுன் காலையிலேயே தொடங்கிவிடும். வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி, குறித்த எல்லைவரை போய்த் திருப்பிக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல், சின்ன மாட்டுக்கு ஆறு மைல் என்று ஊருக்கு ஊர் தூரம் மாறும். நாடே கிலோமீட்டருக்கு மாறிப் பல காலம் ஆகிவிட்டது, பந்தயத்துக்கு இன்றைக்கும் மைல் கணக்குதான். மாட்டின் அளவைப் பார்த்துப் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பிரிவுகள் இறங்கும்.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு காலத்தில் பெரிய மாட்டு வண்டிக்குச் சாரதி. இப்போது கயிறு பிடிப்பதில்லை. முழங்கால் போய்விட்டது. அவரிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த ஊரில் எத்தனையாவது பரிசு என்ற கணக்கெல்லாம் வராது. இன்ன மாடு இன்ன இடத்தில் எப்படி மூச்சு விட்டது என்பதுதான் வரும். பந்தயத்தைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதுவரை நானும் எல்லோரையும் போல முதலில் வருகிற வண்டியை மட்டும் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தவன்.

"வெரட்டுறதுக்கு யாரு வேணா போதும்யா, பிடிச்சு வைக்கத்தான் ஆளு வேணும்" என்பார்.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பந்தயத்தைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. கொடி அசைந்ததும் மாடுகள் தாமாகவே பாயும். பக்கத்தில் இன்னொரு ஜோடியின் குளம்புச் சத்தம், இரண்டு பக்கமும் ஜனங்களின் கூச்சல், சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் கூட்டத்தின் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு விட்டுவிடுகிற சாரதி, திரும்பி வருகிற வழியில் கடைசி மைலில் தவிப்பான். நல்ல சாரதி போகிற வழியெல்லாம் கயிற்றில் ஒரு பிடி வைத்திருப்பான். அதிகம் இழுத்தால் மூக்கணாங்கயிறு அறுத்து மாடு தலையைத் தூக்கும், தலை தூக்கினால் நடை கெடும். விட்டால் மூச்சு செலவாகும். இரண்டுக்கும் நடுவில், மாட்டுக்குக் கை இருப்பது தெரிய வேண்டும், கை தடுப்பது தெரியக் கூடாது. மூன்றாவதாகவோ நான்காவதாகவோ போய்க்கொண்டிருக்கும் வண்டியில் ஒருவன் அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் அவனைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அவன் எங்கே இருக்கிறான் என்று பாருங்கள்.

இன்னொன்று. பந்தயம் முழுக்கச் சாரதி தன் மாட்டின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவனுக்குத் தெரிவது கொம்பின் பின்புறம், காது, திமில், முதுகு, வால். நாக்குத் தள்ளிவிட்டதா, வாயில் நுரை கட்டிவிட்டதா என்று சாலையோரம் நிற்கிற நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. குதிரையைப் போல மாட்டுக்கு வேர்த்துக் கொட்டிச் சூடு தணியாது, மூச்சு வாங்கியும் தணிய வேண்டும். ஆகவே சாரதி விலாவைப் பார்க்கிறான், மூச்சைக் கேட்கிறான். காது முன்னே நிமிர்ந்திருந்தால் மாடு இன்னும் விளையாட்டில் இருக்கிறது. இரண்டு காதும் பின்னுக்குச் சாய்ந்து, வால் தொங்கிப்போனால் இனி வேகம் கேட்கக் கூடாது. பெரியவர் சின்ன வயதில் ராத்திரியில் வைக்கோல் பாரமும் எருப் பாரமும் ஓட்டிப் பழகியவர். விளக்கில்லாத பாதையில் மாட்டின் நடையைக் காதால் கேட்டே வண்டி ஓட்டிய தலைமுறை. இன்றைய சாரதிகள் நேரே பந்தய வண்டியில் ஏறி உட்காருகிறவர்கள். திறமைக்குக் குறைவில்லை. அந்தக் காது மட்டும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வண்டியில் உட்காருவதே ஒரு வித்தை என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. இரண்டு சக்கர வண்டி அச்சின் மேல் தராசாக நிற்கிறது. சாரதி முன்னுக்குச் சாய்ந்தால் பாரம் நுகத்தடி வழியாக மாட்டின் கழுத்தில் இறங்கும். அது முன்பாரம். பின்னுக்குச் சாய்ந்தால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்தை அதோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு தொண்டையைப் பிடிக்கும். அது பின்பாரம். முன்பாரத்தில் மாடு களைக்கும், பின்பாரத்தில் மூச்சுத் திணறும். மேடு ஏறும்போது வண்டி தானாகவே பின்பாரம் கொள்ளும், பள்ளத்தில் இறங்கும்போது முன்பாரம். சாலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் சாரதி தன் உடம்பை நகர்த்தி அந்தத் தராசைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கிறான். நமக்கு அவன் ஆடுவது போலத் தெரிகிறது. தன் எடை மாட்டின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலை அது. கூட வருகிற துணைச் சாரதி இறங்கி ஓடினாலும் தாவி ஏறினாலும் இந்தக் கணக்கு மறுபடி மாறும்.

திருப்பம்தான் எனக்கு உயிர். சாலை நடுவில் ஒரு டிரம்மோ கம்போ நட்டிருப்பார்கள். வேகமாக வருகிற வண்டியை அதைச் சுற்றி வளைக்க வேண்டும், வண்டிக்குப் பிரேக் கிடையாது. வலப்பக்கம் திரும்பும்போது வலத்து மாடு உள்மாடு. அது ஏறக்குறைய நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்க, இடத்து மாடு பெரிய வட்டமாகச் சுற்றி வர வேண்டும். உள்மாட்டின் கயிற்றை இறுக்கி, வெளிமாட்டின் கயிற்றை இளக்கி, அதே நேரம் மேலே எழும்பப் பார்க்கும் உள்சக்கரத்தின் பக்கம் உடம்பைச் சாய்க்க வேண்டும். பின்னால் வருகிறவன் முட்டுவதற்குள் முடிய வேண்டும். உள்மாடு மிரளாத மாடாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஜோடி சேர்க்கும்போது நிதானமான மாட்டை வலத்தில் பூட்டுவாராம் பெரியவர். திருப்பத்தில் சாட்டையைத் தூக்குகிறவனை அவர் சாரதிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். நானும்தான்.

மேல்நாட்டில் ஸ்பீட்வே என்று ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயம் உண்டு. 1920களில் ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, 1928இல் இங்கிலாந்துக்குப் பரவி, இன்றைக்குப் போலந்துக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஆட்டம். 500 சிசி இன்ஜின், மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் அறவே கிடையாது. மண் தடத்தில் நாலு பேர் நாலு சுற்று ஓட்டுவார்கள், திரும்புவதெல்லாம் இடப்பக்கம்தான். இடது கால் பூட்ஸின் அடியில் இரும்புத் தகடு மாட்டி, அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி, பின்சக்கரம் வழுக்க வழுக்கத் திருப்புவார்கள். ஓய்ந்துபோன ஸ்பீட்வே வீரர் ஒருவரையும் எங்கள் பெரியவரையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்தால் மொழி தெரியாமலே பேசிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். பிரேக் இல்லாமல் வளைவதற்கு உடம்பை எங்கே வைப்பது என்பது இருவருக்கும் தெரிந்த சங்கதி. ஒரே வித்தியாசம், இன்ஜினுக்குப் பயம் கிடையாது. மாட்டுக்கு உண்டு. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் சாரதி திருப்புகிறான்.

பந்தயத்தின் இரும்பு வேலை இங்கே மாட்டின் காலில் நடக்கிறது. மாட்டுக் குளம்பு பிளவுபட்டது, குதிரைக்கு அடிப்பது போல ஒரே வளையமாக லாடம் அடிக்க முடியாது. ஒரு காலுக்கு இரண்டு தகடு, நாலு காலுக்கு எட்டு. கயிறு போட்டு மாட்டை அலுங்காமல் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவிச் சமன் செய்து, தகடு வைத்து ஆணி அடிப்பார் லாடம் கட்டுகிறவர். ஆணி குளம்பின் வெளிச்சுவர் வழியாக வெளியே வர வேண்டும், நுனியை மடக்கி அறுத்துவிடுவார்கள். மயிரிழை உள்ளே திரும்பிச் சதையில் இறங்கினால் மாடு நொண்டும், அந்தப் பருவமே போச்சு. பெரியவர் லாடம் கட்டும்போது மாட்டின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு உள்ளங்கையால் அதன் கண்ணை மூடியிருப்பார். மற்றக் கை தாடையில். சுத்தியல் விழும் ஒவ்வொரு முறையும் மாட்டின் தாடை இறுகுவதை வைத்தே, ஆணி சரியாகப் போகிறதா இல்லையா என்று லாடக்காரருக்குச் சொல்வார். பந்தயத்தன்று அந்தக் கை சும்மா வந்துவிடவில்லை என்று நான் கண்ணால் கண்ட இடம் அது.

இவ்வளவு மென்மையைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது தர்மமில்லை. வாலைக் கடித்தவர்கள் உண்டு, குச்சி நுனியில் ஆணி வைத்துக் குத்தியவர்கள் உண்டு. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் சேர்த்தே நிறுத்தியது. 2017 ஜனவரிப் போராட்டம், அவசரச் சட்டம், சட்டத்திருத்தம், அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பு எல்லாம் நாம் அறிந்ததே. ஜல்லிக்கட்டுக்குப் பேச ஊரெல்லாம் திரண்டது, சாரதிகளுக்கென்று தனியாகப் பேசியவர் குறைவு. பெரியவர் பூட்டிய கடைசி ஜோடி கைமாறிப் போனது தடை இருந்த இடைவெளியில்தான். பந்தயம் திரும்பி வந்தபோது அவர் முழங்கால் திரும்பி வரவில்லை. ஆனால் நிறுத்திய தீர்ப்பின் மேல் அவருக்கு ஆத்திரம் இல்லை. ஆணிக் குச்சி வைத்திருந்தவர்கள் மேல்தான் இருக்கிறது.

விரைவும் மென்மையும் சேர்ந்திருக்க முடியாது என்று நினைப்பவர்கள் அகநானூற்றின் நான்காம் பாட்டைப் படிக்கலாம். குறுங்குடி மருதனார் பாடிய தலைவன் வீடு திரும்பத் தேரில் விரைகிறவன், ஆனால் பூவில் தாதுண்ணும் வண்டுகள் கலைந்துவிடக் கூடாதென்று தேர்மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான். தேரோட்டுவதில் நம் பழைய ரசனை அப்படி.

அந்த ரசனைக்கு இன்றைய பெரிய எதிரி பைக். வண்டிகளுக்கு முன்னும் பின்னும் பக்கத்திலுமாக ஹாரன் அடித்துக்கொண்டு, செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நூறு பேர் போகிறார்கள். மாடு மிரள்கிறது, சாரதியின் காதில் மாட்டின் மூச்சு விழுவதில்லை, விழுந்து அடிபடுகிறவர்களும் உண்டு. விழாக் குழுவினர் மனது வைத்தால் இதை ஒரே பருவத்தில் நிறுத்திவிடலாம்.

பார்க்கப் போகிறவர்களும் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கிளம்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும்தான் கூட்டம் நெருக்கும். திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மர நிழலில் நில்லுங்கள். வண்டி வரும்போது மாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாரதியின் கையைப் பாருங்கள்.