அங்காடித் தெருவும் ஓர் இருக்கையும்

இலக்கிய ஏட்டில் திரைப்படத்தைப் பற்றிய திறனாய்வா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். வசந்தபாலன் இயக்கத்திலும் ஜெயமோகன் உரையாடலிலும் 2010-ஆம் ஆண்டு வெளிவந்த ‘அங்காடித் தெரு’ தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் கடைச் சிப்பந்திகளின் வாழ்வைச் சொல்லும் படம். அதே அளவுக்கு அவ்வாழ்வை விரித்துரைத்த தமிழ் நாவல் எதுவும் என் வாசிப்பில் எதிர்ப்பட்டதில்லை. வணிகத்தையே வாழ்தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் மிகுந்த நம் சமுதாயத்தினர் அதைப் பார்க்க வேண்டும். பார்த்த பின் அதனோடு வாதாடவும் வேண்டும்.

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. வறுமையும் குடும்பச் சுமையும் உள்ள இளைஞரையே தென்மாவட்டங்களில் தேடிப் பிடித்து வரும் சாமர்த்தியம், அவர்கள் அடைந்து கிடக்கும் விடுதி, உணவுக்கூடத்து நெரிசல் ஆகிய யாவும் கண்ணால் கண்டவன் எழுதியவை போல அமைந்துள்ளன. ஆனால் கதை முழுதும் கொடுமை என்பது கண்காணிப்பாளன் ஒருவனின் ஓங்கிய கையாகவே காட்சியளிக்கிறது. அவன் நல்லவனாக இருந்திருந்தால் அந்தக் கடை நல்ல கடையாகிவிடுமோ என்ற மயக்கம் பார்ப்பவருக்கு உண்டாகிறது. இறுதியில் நடைபாதையில் உறங்குவோர் மீது வாகனம் ஏறுகிறது; கதாநாயகி கனி கால்களை இழக்கிறாள். என் மனம் ஒப்பாத இடம் இதுதான். நாள் முழுதும் நின்று நின்று கடைப்பெண்ணின் கால்கள் கெடுவதுதான் அத்தெருவின் உண்மையான கதை. கடையின் கணக்கில் எழுத வேண்டிய பழியை ஆசிரியர்கள் வாகனத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். விதியின் மீது யார் வழக்குத் தொடுக்க முடியும்?

இது வெறும் கதைநுட்பத் தகராறு அன்று. படம் வெளிவந்த ஏறத்தாழ அதே காலத்தில், கோழிக்கோடு மிட்டாய்த்தெருவின் கடைகளில் வேலை செய்த பெண்கள் வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி பலித்தோடி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் அவர்களைத் திரட்டினார். முதலில் அவர்கள் கேட்டது கழிப்பறை. அது இல்லாமையால் தண்ணீர் குடிக்கவே அஞ்சிய பெண்கள் அவர்கள். பிறகு கேட்டது உட்காரும் உரிமை. திருச்சூரில் துணிக்கடை ஒன்றின் பெண்கள் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய போராட்டம் நூறு நாள்களைக் கடந்தது. பெரிய கட்சிகளின் தொழிற்சங்கங்களுக்கு வெளியே பிறந்த இயக்கம் இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018-இல் கேரளத்தின் இடதுசாரி முன்னணி அரசு கடைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தி, சிப்பந்திக்கு இருக்கையை உரிமையாக்கியது.

தமிழ்நாடு 2021 செப்டம்பரில் அவ்வழியைப் பின்பற்றியது. இடதுசாரிக் கட்சிகளைத் தோழமையாகக் கொண்ட தி.மு.க. அரசு, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலையினூடே வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்வதற்கு ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் கோழிக்கோட்டில் சங்கம் முன்னே வந்தது, சட்டம் பின்னே வந்தது. நம் ஊரிலோ சட்டம் தனியாக வந்து நின்றது.

நான் குடியிருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்தில், பெருநாளுக்குத் துணி எடுக்க ஒரு கடைக்குச் சென்றிருந்தேன். இருக்கை இருந்தது, அதன் மேல் புடவைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. துணியை விரித்துக் காட்டிய பெண்ணிடம், “உட்காரலாமே அம்மா” என்றேன். அவள் பெட்டியடிப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, “பழகிடுச்சுங்க ஐயா” என்றாள். அவள் பார்த்த திசையில்தான் 22-ஏ பிரிவு முடங்கிக் கிடக்கிறது.

அதே அரசு 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடந்தரும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. தோழமையான இடதுசாரிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. ஆளுங்கட்சியின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. மூன்றாம் நாளே மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. அதனால் பாதகமான சட்டம் பத்து நாளில் மடிந்தது. கடைச் சிப்பந்திக்குச் சங்கம் இல்லை. அதனால் சாதகமான சட்டமும் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேரம் பேசும் தனிச் சங்கம் என்கிறது. முதலாளியின் விடுதியில் உறங்கி, முதலாளியின் உணவை உண்ணும் பிள்ளைகளிடம் முதல் கையொப்பத்தை யார் வாங்குவது? சதவிகிதக் கணக்கு அதற்குப் பிறகல்லவா வருகிறது?

சங்கம் என்ற சொல் கேட்டாலே நம் வணிகப் பெருமக்கள் சிலர் கசப்பு மருந்தைக் கண்டாற்போல் ஆகிவிடுகிறார்கள். இந்தச் சென்னையில் 1918 ஏப்ரலில் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு பி.பி. வாடியா தலைவரானார், ஆனால் ஆலைத் தொழிலாளரின் துயரை அவரிடம் எடுத்துச் சென்றவர்கள் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்னும் இரு வணிகர்கள். பணியாளர் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நம் மேடைகளில் கேளாத ஆண்டில்லை. அதைச் சொன்ன அண்ணல் நபி (ஸல்) அவர்களும் வணிகம் செய்தவர்களே.

‘அங்காடித் தெரு’வைப் பார்த்து அழுதவர்களில் கடைக்காரர்களும் இருந்தார்கள், எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள். கண்காணிப்பாளனை அவர்கள் மனதாரத் திட்டினார்கள். தம் கடையில் எத்தனை இருக்கை என்று நான் கேட்டபோது, ஒருவர் பேச்சை மாற்றினார். மற்றவர் எண்ணிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் சொல்லவில்லை.