இயந்திரமும் சபையும்

இயந்திரத்துக்கு நாம் பகைவரா? 1909இல் 'ஹிந்த் சுவராஜ்' எழுதிய காந்தியடிகள் அதனைத் தீமையென்றே கண்டார். பின்னாளில் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். ஆயின், இயந்திரம் எவருடைய உடைமை என்னும் வினா அந்நூலின் மையத்தில் இல்லை. அதுவே அதன் குறை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் உழவர் பலர் பொது மின்கம்பியை வீட்டுக்குள் விடார். தொலைபேசியை வெளியே குடிலில் வைப்பர். இதைப் பழமைப்பித்தென நகைப்பது எளிது. எக்கருவி கூட்டுவாழ்வைக் குலைக்கும் என்று அவர்கள் சபையாகக் கூடி ஆராய்கின்றனர். நாம் கற்கவேண்டியது இதனையே. மீறியவரை ஒதுக்கிவைக்கும் மதக் கட்டளையை மட்டும் நாம் ஏற்கவியலாது.

நமது கற்பிட்டிக் கரையைப் பாருங்கள். பலர் கூடிக் கைகளால் இழுத்த கரைவலையை, உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழல்பொறி இழுக்கத் தலைப்பட்டது. உடல்நோவு தணிந்தது, வேண்டிய கைகளும் குறைந்தன, குறைந்த கைகளின் பங்கும் போயிற்று. பொறியை வாங்கியவர் முதலுடைய சம்மாட்டி. கயிறு பிடித்தவனைக் கேட்ட சபை எது?

பொறியை உடைப்பதால் பயனில்லை. வலையிழுப்போரின் கூட்டுறவுச் சங்கம் அதற்கு உரிமை கொள்ளட்டும். எந்தப் பாட்டில், எத்தனை நாள் அதை இயக்குவது என்பதை, மீன்வளத்தையும் எண்ணி, அச்சங்கமே தீர்மானிக்கட்டும்.