குருதிப்புனலில் சேரிக்கு மனசு உண்டா?

முதலியார்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' பற்றிப் பேசினோம். கீழவெண்மணியை வைத்து 1975இல் வந்த நாவல். 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆசிரியர் பிற்பாடு நம்ம ஊர்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையில் இருந்தவர். அதனால் இங்கே மரியாதை கொஞ்சம் கூடுதல்.

ஒரு மாணவர் சொன்னார்: "பண்ணையைக்கூட வெறும் வில்லனாக் காட்டலை. கலகம் பண்றவனும் சுத்தமானவன் இல்லை. அதான் இலக்கியம்." கண்ணையா நாயுடுவுக்கு ஆண்மைக் குறை; அந்த அவமானத்தை மறைக்கத்தான் ஆட்டம் போடுகிறான் என்கிறது பிரதி. தில்லியிலிருந்து வந்த கோபாலுக்கும் சிவாவுக்கும் ஓயாத மனப்போராட்டம்.

காரைக்கால் பக்கம் நடவு நட்டு வளர்ந்த அக்கா ஒருத்தர் அதுவரை வாயே திறக்கலை. "ஆம்பளையா இருந்த பண்ணைங்க மட்டும் கூலிய அளந்து கொட்டிட்டாங்களாக்கும்?" என்றார். எல்லாரும் சிரித்தோம். மாணவர் சிரிக்கலை.

வர்க்கப் போராட்டத்தை ஃபிராய்டிடம் அடகு வைத்துவிட்டார் என்று இடதுசாரிகள் முன்பே திட்டியாச்சு. நான் கேட்பது வேறு. நல்லதும் கெட்டதும் கலந்த மனசு இந்த நாவலில் யாருக்கெல்லாம் பங்கு பிரிக்கப்பட்டிருக்கிறது? பண்ணைக்கு உண்டு, தில்லிக்காரருக்கு உண்டு. சேரிக்கு, என் வாசிப்பில், பசியும் பயமும்தான் மிஞ்சுகின்றன. கூலி நெல் கூடக் கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் எடுத்த முடிவுகள். இறக்கிடலாமே என்று ஒரு குடிசைக்குள்ளாவது சண்டை வந்திருக்காதா? 1968 டிசம்பர் 25 இரவு எரிக்கப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். நாவல் அவர்களுக்காக அழுகிறது, அவர்களோடு வாதாடவில்லை.

நிஜம் இன்னும் சிக்கல். வசதியான மிராசுதாரர்கள் தாங்களே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி உயர்நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவை விடுதலை செய்தது. (நீதிபதிகளுக்கும் பண்ணையின் உள்ளம் புரிந்திருக்கிறது பாருங்கள்.) 1980இல் நக்சலைட்டுகள் அவரைக் கொன்றார்கள். அது நீதியா, பழியா? வெண்மணியில் உயிரோடு மிஞ்சியவர்கள் அன்றைக்கு ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள்? நாவல் அதற்கு ஐந்து வருஷம் முந்தியது, அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் இனி எழுதுகிறவர்கள் தப்பிக்க முடியாது.

அக்காவை எழுதச் சொன்னோம். "எழுதறேன். எங்க ஆளுங்க பண்ண தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவேன். போடுவீங்களா?" என்றார். போடுகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.