இழுவிசை என்னும் ஒற்றை எண்

அமெரிக்காவின் ஹட்டராஸ் நிறுவனம் 1970களிலும் 80களிலும் கட்டிய பெரிய மோட்டார் யாட்டுகள் பல இன்னும் கடலில்தான் இருக்கின்றன. கெட்டியான ஃபைபர் உடல். அதற்கு வயது தெரிவதில்லை. அணியத்தில் நின்று நங்கூரம் தூக்கும் விண்ட்லாஸுக்குத்தான் வயதாகிவிடுகிறது. அதை மாற்றுவதில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. நங்கூரத்தின் எடையையும் மொத்தச் சங்கிலியின் எடையையும் கூட்டி, மூன்றால் பெருக்கி, அந்த எண்ணைத் தாண்டிய ‘அதிகபட்ச இழுவிசை’ எந்தக் கருவிக்குப் போட்டிருக்கிறதோ அதை வாங்கிவிடுகிறார்கள். எண் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். இந்த நியாயத்தை நான் ஒருநாளும் ஏற்றதில்லை.

புதிய கருவிகள் மோசமானவை அல்ல. செங்குத்து அச்சுள்ளவற்றில் சங்கிலி ஏறக்குறைய அரைவட்டம் சக்கரத்தைச் சுற்றிப் பிடிக்கிறது; கிடைமட்ட அச்சில் கால்வட்டம்தான். மோட்டார் தளத்துக்குக் கீழே இருப்பதால் அலைநீர் நேரே அடிப்பதில்லை. உதிரிபாகமும் எளிதில் கிடைக்கிறது. மூன்றால் பெருக்கும் விதிகூட, மிகச் சிறிய கருவிகளை முதலிலேயே ஒதுக்க உதவும். அதற்குமேல் அந்த விதிக்கு வேலை இல்லை.

அதிகபட்ச இழுவிசை என்பது மோட்டார் திணறி நிற்கப்போகும் நேரத்தில் கிடைக்கும் விசை. அப்போது சங்கிலி நகர்வதே அரிது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும், சுருள் சூடேறிக்கொண்டே போகும். அந்த நிலையை மோட்டார் சிறிது நேரம்தான் தாங்கும். தொடர்ந்து இழுக்கக்கூடிய வேலைச்சுமை பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் குறைவு. ஒரு மூட்டையை மூச்சுப் பிடித்து அரை அடி அசைத்தவர் அதைத் தோளில் ஏற்றி லாரிவரை நடப்பார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். விண்ட்லாஸ் வாங்கும்போது மட்டும் அப்படித்தான் நம்புகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 60 கிலோ நங்கூரம், 100 மீட்டர் நீளத்துக்கு 12 மி.மீ. சங்கிலி. சங்கிலி மீட்டருக்குச் சுமார் 3.3 கிலோ என்றால் மொத்தம் 390 கிலோ. விதிப்படி 1,170 கிலோ இழுவிசை வேண்டும். ஆனால் 20 மீட்டர் ஆழத்தில் நேராகத் தொங்குவது 66 கிலோ சங்கிலியும் நங்கூரமும் மட்டுமே. சேர்த்து 126 கிலோ; நீருக்குள் இன்னும் குறையும். உராய்வுக்கும் அலைக்கும் தாராளமாக இடம் விடலாம். ஒன்பது மடங்கு எதற்கு? காற்றை எதிர்த்துப் படகையே இழுக்கவும், தரையில் புதைந்த நங்கூரத்தைப் பிடுங்கவும் என்கிறார்கள். இரண்டுமே விண்ட்லாஸுக்குக் கொடுக்கக் கூடாத வேலை. எஞ்சினால் படகை மெல்ல முன்னே நகர்த்தி, தளர்ந்து வரும் சங்கிலியை மட்டும் அது வாரிக்கொள்ள வேண்டும். நங்கூரம் மண்ணை விடாவிட்டால் சங்கிலியைத் தடுப்பானில் பூட்டிவிட்டு, எஞ்சினையும் படகின் எடையையும் கொண்டு பிடுங்க வேண்டும். செய்யக் கூடாத வேலையை அளந்து சொல்லும் எண்ணை நம்பித்தான் இவ்வளவு பணம் செலவாகிறது. செய்யவேண்டிய வேலையோ வேறு: 60 மீட்டர் சங்கிலியை நிமிடத்துக்கு 10 மீட்டர் வீதம், ஆறு நிமிடம் நிற்காமல் ஏற்றுவது. அதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

பழைய யாட்டில் இந்த எண் இன்னும் பெரிய கேடு செய்கிறது. அந்தக் கால ஹட்டராஸ் யாட்டுகள் பலவற்றில் 32 வோல்ட் மின்சாரம். 8 வோல்ட் பேட்டரிகள் நான்கை வரிசையாக இணைத்திருப்பார்கள். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை 12 அல்லது 24 வோல்ட் கருவிகள். பேட்டரி எஞ்சின் அறையில், விண்ட்லாஸ் அணியத்தில். இடையில் நீண்ட கேபிள். பழைய கேபிளையே வைத்துக்கொண்டு அதே திறனுள்ள 24 வோல்ட் மோட்டாரைப் பொருத்தினால், மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடும். வழியில் இழக்கும் வோல்டேஜின் விகிதம் ஏறக்குறைய 1.8 மடங்காகும். 12 வோல்ட் என்றால் 7 மடங்கு. முழு வோல்டேஜில் எடுத்த இழுவிசை எண்ணுக்கு இந்தப் படகில் என்ன பொருள்? எண்ணைப் பெரிதாக்க இன்னும் பெரிய மோட்டாரைத் தேர்ந்தெடுத்தால் அது இன்னும் மின்னோட்டம் கேட்கும், இழப்பும் ஏறும். உருகிய இணைப்பைப் பார்த்த பிறகு ‘கருவி சரியில்லை’ என்கிறார்கள். கருவியைப் பழிப்பது அநியாயம்.

சங்கிலிச் சக்கரத்தையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 10 மி.மீ. சங்கிலியிலேயே டிஐஎன் 766 தரத்தில் கண்ணியின் உள்நீளம் 28 மி.மீ., ஐஎஸ்ஓ 4565 தரத்தில் 30 மி.மீ. சங்கிலியின் தரத்துக்குச் சக்கரம் பொருந்தாவிட்டால் சங்கிலி வழுக்கும், துள்ளும். எத்தனை டன் இழுவிசை இருந்தாலும் அது தீராது.

இவ்வளவுக்கும் நடுவில், கழற்றி எறியப்படும் பழைய வெண்கலக் கருவிகளில் பலவற்றுக்கு வேண்டியது மோட்டார் சுருளை மறுபடி சுற்றுவதும், பற்சக்கரங்களையும் சீல்களையும் மாற்றுவதும்தான். அப்படிச் செய்தால் 32 வோல்ட் கேபிளைத் தொடவேண்டியதில்லை. இதை முதலில் விசாரிக்காமல் புதியதற்குப் பணம் கட்டுவதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

புதியதுதான் வேண்டும் என்றால், விற்பவரிடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: தொடர் வேலைச்சுமை, அந்தச் சுமையில் எடுக்கும் மின்னோட்டம், இடைவிடாமல் எத்தனை நிமிடம் ஓடும் என்பது. அதிகபட்ச இழுவிசையை மட்டும் காட்டி விற்கும் கருவியை வாங்காதீர்கள்.